வெளுத்துப் போன வினைல் ஷட்டரைப் புதுப்பிக்கிற வேலை: பிரஷர் வாஷிங்கோட சேர்த்துக்கலாமா?

மிடில்செக்ஸ்_வாஷ்

வணக்கம். நியூ ஜெர்சி, எடிசன் பக்கம் வீடு கழுவுற தொழில். நிமிஷத்துக்கு 4 கேலன் மெஷின், டவுன்ஸ்ட்ரீம் இன்ஜெக்டர் (பம்ப்புக்கு அப்புறம் மருந்தை உறிஞ்சித் தண்ணியோட கலக்கிறது), ரெண்டு ஆள். ஷட்டர்னதும் ஊர்ல இருந்து படிக்கிறவங்க கடைக்கதவை நினைச்சுக்காதீங்க. இங்க ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் அழகுக்காக சுவர்ல அறைஞ்சு வெச்சிருக்கிற பிளாஸ்டிக் பலகை. மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது.

இந்த ஏரியாவுல 80, 90கள்ல கட்டின வீடுகள் நிறைய. கழுவி முடிச்சா சுவர் பளிச்சுனு வந்துடுது, ஷட்டர் மட்டும் சாம்பல் பூசின மாதிரி நிக்குது. கறுப்பு நரைச்சிருக்கு, கரும்பச்சை சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. "கழுவியும் போகலையே"ன்னு வீட்டுக்காரங்க கேக்கறாங்க. ஏணி, ஆள், தண்ணி எல்லாம் அங்கேயே இருக்கறப்ப இதையும் கூடுதல் வேலையா எடுக்கலாம்னு யோசனை.

எஸ்.எச். (சோடியம் ஹைப்போகுளோரைட், ப்ளீச்) கலவையைக் கொஞ்சம் கெட்டியா அடிச்சா இது போகுமா? மேல தேய்க்கிற கிளியர்கோட் (நிறமில்லாத பூச்சு) நிக்குமா, இல்ல பெயின்ட்தான் வழியா? சுவர்லயே வெச்சு செய்யலாமா, கழட்டணுமா? ஒரு ஷட்டருக்கு என்ன விலை சொல்றது? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

கலவைக்கணக்கு

எஸ்.எச். பாசியையும் பூஞ்சையையும் கொல்லும், அவ்வளவுதான். ஷட்டர்ல நீங்க பாக்கிற வெளுப்பு பாசி இல்லை. பிளாஸ்டிக்கோட மேல்தோலே வெயில்ல சிதைஞ்சு பொடியா நிக்குது. 12.5 சதவீத எஸ்.எச்.சை டவுன்ஸ்ட்ரீம்ல இழுத்தா சுவர்ல விழறப்ப சுமார் 1 சதவீதம். அதை 3 ஆக்கினாலும் பொடி அசையாது, வழிஞ்ச இடமெல்லாம் கோடு விழறதுதான் மிச்சம். பிரஷரைக் கூட்டினா இன்னும் மோசம். தண்ணி விசிறி போன வழியில பொடி கிளம்பி, போகாத வழியில அப்படியே நின்னு, வரிக்குதிரை மாதிரி ஆயிடும். அதை அப்புறம் கையால தேய்ச்சுத்தான் சமப்படுத்தணும்.

விலை பேசறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. ரெண்டுக்கும் சேர்த்து ரெண்டு நிமிஷம் போதும்.

ஒண்ணு, கறுப்புத் துணியால ஒரு தடவை அழுத்தித் துடைங்க. வெள்ளையா ஒட்டினா மேல பொடி இருக்கு. ரெண்டாவதுதான் முக்கியம். ஒரு மூலையைத் தேய்ச்சுக் கழுவி, ஈரமா இருக்கறப்பவே பாருங்க. ஈரத்துல பழைய கறுப்போ பச்சையோ முழுசா திரும்பத் தெரிஞ்சா, உள்ள நிறம் உயிரோட இருக்கு. மேல்தோல் சொரசொரப்பா போனதால வெளிச்சம் சிதறி வெளுப்பா தெரியுது, தண்ணி அந்த மேடுபள்ளத்தை நிரப்பினதும் சரியாகுது. கிளியர்கோட் செய்யறதும் அதே வேலைதான், காயாத தண்ணின்னு வெச்சுக்குங்க. ஈரத்துலயும் மங்கலா, திட்டுத் திட்டா இருந்தா சாயமே போயிடுச்சு. அதுக்கு மேல எந்தக் கிளியர்கோட் தேய்ச்சாலும் மினுமினுப்பான வெளுப்புதான் கிடைக்கும். அந்த வேலையைக் கிளியர்கோட்டுன்னு ஒத்துக்காதீங்க.

சோதனையில தேறின ஷட்டருக்கு வேலை இப்படிப் போகும்:

வழக்கமான ஹவுஸ் வாஷ் அடிச்சு, பாசி செத்ததும் நல்லா அலசுங்க. எஸ்.எச். காய்ஞ்சா உப்பு மிஞ்சும், அந்த உப்பு மேல போட்ட கோட் உரியும். ஷட்டர்ல 40 டிகிரி முனை, 1,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள்ள, மேல இருந்து கீழ நோக்கி. கீழ இருந்து மேல அடிச்சா லூவர் (ஷட்டர்ல இருக்கிற சாய்வுப் பட்டைகள்) வழியா தண்ணி சைடிங்குக்கு (சுவரைப் போர்த்தியிருக்கிற பிளாஸ்டிக் பலகை) பின்னாடி போகும்.

அடுத்து டிகிரீசர் கலந்த தண்ணி, கார் கழுவுற மெல்லிய பிரஷ். தட்டையான இடத்துக்கு வெள்ளை ஸ்க்ரப் பேட். பச்சை, மெரூன் பேட் வேண்டாம், கீறல் விழும், கோட் போட்டதும் அந்தக் கீறல் எடுத்துக் காட்டும். மரக்கோடு அச்சு இருக்கிற ஷட்டர்ல பொடி அந்தக் கோட்டுக்குள்ள உக்காந்திருக்கும், நீளவாட்டில தேய்க்கணும். அலசிக் காய வெச்சு, மறுபடி கறுப்புத் துணி. வெள்ளை ஒட்டாம போற வரைக்கும் திரும்பத் தேய்க்கிறதைத் தவிர குறுக்கு வழி இல்லை. வேலையில முக்கால்வாசி இதுதான், கோட் போடறது கடைசி கால்வாசி.

காயறதுன்னா தொட்டா ஈரம் இல்லைங்கிறது பத்தாது. லூவர் இடுக்குல நிக்கிற தண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு வழியும். லீஃப் ப்ளோயரால ஊதி விடுங்க, முடிஞ்சா மறுநாள் கோட். போடறதுக்கு முன்னாடி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால ஒரு துடைப்பு.

கிளியர்கோட் அக்ரிலிக்காவோ யூரேத்தேனாவோ இருக்கட்டும், வினைல் ரெனியூ மாதிரி வினைலுக்குன்னே விக்கிறதாவும் இருக்கட்டும், முறை ஒண்ணுதான். மைக்ரோஃபைபர் பேடை மடிச்சு, தொட்டுப் பிழிஞ்சு, மெல்லிசா ரெண்டு கோட். 15க்கு 55 அங்குல ஷட்டருக்கு ஒரு கோட்டுக்கு 2 அவுன்ஸுக்குக் கிட்ட பிடிக்கும். லூவரோட கீழ் மூலையில தேங்கறதை உடனே துடைக்கணும். ரெண்டு நிமிஷம் விட்டீங்கன்னா கண்ணீர் வழிஞ்ச மாதிரி காய்ஞ்சுடும். நேர் வெயில் படற பக்கம் போடவே கூடாது. காலையில மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல கிழக்குச் சுவர்.

செங்கல் சுவரா இருந்தா கழட்டித்தான் செய்யணும். செங்கல்ல ஒரு சொட்டு விழுந்தாலும் ஊறிடும், எடுக்க முடியாது. சைடிங்னா மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பின்னாடி செருகிக்கிட்டு செய்யலாம்.

ஸ்காபரோ_ஏணி

கழட்டுற விசயம் நான் சொல்லுறன் தம்பி, அதிலைதான் கனபேர் மாட்டுப்படுறவை.

முதல் குளவிக்கூடு. ஷட்டருக்குப் பின்னாலை ஒரு கூடாவது இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டே ஏணியிலை ஏறுங்கோ. கீழை நிண்டு நீளக் குழாயாலை பின்பக்கத்துக்குத் தண்ணி அடிச்சு, பத்து நிமிசம் பொறுத்துப் பாத்துப்போட்டு ஏறுறது நல்லது. வௌவாலும் இருக்கும், அடியிலை சுவரிலை எலிப்புழுக்கை மாதிரிக் கறுப்பாய் ஒட்டியிருந்தால் அதுதான். கனடாவிலை சின்னப் பழுப்பு வௌவால் 2014இலை இருந்து அழியும் நிலையிலை உள்ள இனமாய்ச் சட்டப் பட்டியலிலை கிடக்கு. உங்கடை பக்கமும் கோடையிலை குட்டி வைச்சிருக்கேக்க கலைக்கக் கூடாது. அந்த ஷட்டரை விட்டுப்போட்டு மற்றதைச் செய்யுங்கோ.

பூட்டியிருக்கிறது ரெண்டு வகை. ஒண்டு, நிறம் அடிச்ச ஸ்க்ரூ. அது சுகம். மற்றது பிளாஸ்டிக் ஆணி, 3 அங்குலம், உடம்பு முழுக்கச் செதில். கால் அங்குல ஓட்டையிலை அடிச்சு ஏத்தினது, திரும்ப வெளியிலை வாறதுக்குச் செய்யேல்லை. தலைக்குக் கீழை தட்டையான நெம்பு பாரைக் குடுத்து நெம்பினால் பாதி வரும், பாதி தலை முறியும். சைடிங்கிலை பாரை ஊண்டி நெம்பாதேங்கோ, அது வெடிச்சுப்போம். ஒரு பலகைத் துண்டை இடையிலை வைக்க வேணும். முறிஞ்சதை ஷட்டருக்கும் சுவருக்கும் இடையிலை வாள் அலகைக் குடுத்து அறுத்துப்போட்டு, மிச்சத்தைச் சுவருக்குள்ளை தள்ளிவிட்டால் சரி. ஒரு ஷட்டருக்கு 4 தொடக்கம் 6 ஆணி வேணும். பழசைத் திரும்பப் பாவிக்க நினைக்காதேங்கோ, அதே நிறத்திலை புது ஆணி வாங்கி வைச்சுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கோ.

கழட்டின உடனை பின்பக்கத்திலை டேப் ஒட்டி எழுதுங்கோ: முன்சுவர், 2ஆம் ஜன்னல், இடது, மேல் எது கீழ் எது. ஓட்டை எல்லாம் அந்த நாளிலை கைக்கணக்கிலை போட்டது. ஒரு ஷட்டரின்ரை ஓட்டை மற்றதுக்குப் பொருந்தாது. மாத்திப் பூட்டினால் சுவரிலை புது ஓட்டை போட வேண்டி வரும், பழைய ஓட்டை வெளியிலை தெரியும்.

குளிரிலை இந்த வேலை வேண்டாம். 5 பாகை செல்சியஸுக்குக் கீழை போனால் பழைய வினைல் பிஸ்கற் மாதிரி முறியும்.

இன்னொண்டு. கழட்டின இடத்திலை சைடிங் பழைய நிறத்திலை வடிவா இருக்கும், சுத்தவரச் சுவர் வெளுத்திருக்கும். "இனி ஷட்டரே வேண்டாம், அப்பிடியே விடுங்கோ" எண்டு வீட்டுக்காரர் சொன்னால் அந்த அடையாளத்தைக் காட்டிப்போட்டு முடிவு கேளுங்கோ. அதே மாதிரிச் சின்ன அளவு ஷட்டர் வாங்கினாலும் ஓரத்திலை தெரியும்.

தூரிகைத்துரை

பெயின்ட் பக்கம் நான் பார்க்கிறேன்.

"வினைல் ஷட்டர்" என்று எல்லாரும் சொன்னாலும் எல்லாமே வினைல் இல்லை. ஒரு பங்கு பி.வி.சி., இன்னொரு பெரிய பங்கு அச்சில் வார்த்த பாலிப்ரொப்பிலீன். பாலிப்ரொப்பிலீனில் பெயின்ட் ஒட்டாது, அதன் இயல்பே அப்படி. ஒரு குளிர்காலம் தாண்டியதும் தோல் உரிகிற மாதிரி தாள் தாளாக வந்துவிடும். பெயின்ட் கம்பெனியைத் திட்டி என்ன செய்வது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: பின்பக்க ஓரத்தில் பிளேடால் நகக்கீற்று அளவு சீவி, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, சீவலை அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், அதன் அடர்த்தி 0.9 சுமார். மூழ்கினால் பி.வி.சி., அது 1.4 பக்கம். சோப்பு எதற்கென்றால், இல்லாவிட்டால் சீவலில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு பி.வி.சி.யும் மிதந்து ஏமாற்றும். நுரை வகை பி.வி.சி.யும் மிதக்கும். ஆனால் வெட்டுவாய் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பதால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பி.வி.சி. என்றால் பொடி முழுக்கப் போன பிறகு 100 சதவீத அக்ரிலிக் வெளிப்புற பெயின்ட், சாட்டின் பூச்சு, இரண்டு கோட். கொஞ்சம் பொடி பிடிவாதமாக நின்றால் அடியில் பாண்டிங் பிரைமர் (பிடிப்புக்கான அடிப்பூச்சு), இன்ஸ்லெக்ஸ் ஸ்டிக்ஸ் மாதிரி. பாலிப்ரொப்பிலீன் என்றால் அடீஷன் புரோமோட்டர் (ஒட்டாத பிளாஸ்டிக்கில் பெயின்ட்டை ஒட்ட வைக்கும் திரவம்) மெல்லிய படலமாக அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மேல்கோட் போயாக வேண்டும். அந்த நேரம் தவறினால் புரோமோட்டர் அடித்தும் பயனில்லை.

நிறத்தில் ஒரு விதி: பழைய நிறத்தைவிடக் கருமையாகப் போகாதீர்கள். வெளிர்சாம்பல் ஷட்டரைக் கறுப்பாக்கினால் தெற்கு வெயிலில் சூடேறி வாழைப்பழம் மாதிரி வளையும். கட்டாயம் கருமைதான் வேண்டும் என்றால் ஷெர்வின் வில்லியம்ஸின் வினைல்சேஃப் மாதிரி, வெப்பத்தைக் குறைவாக இழுக்கும் நிறக்கலவையில் கேட்டு வாங்குங்கள்.

அளவுக் கணக்கு. 15க்கு 55 அங்குலம் என்றால் 5.7 சதுர அடி, லூவர் மடிப்போடு 7.5 என்று வையுங்கள். இரண்டு கோட்டுக்கு 15. கேலன் 400 சதுர அடி போகும் என்றாலும் ஸ்ப்ரேயில் 30 சதவீதம் காற்றோடு போய்விடும். ஆக ஒரு கேலனுக்கு 18 ஷட்டர். ஏர்லெஸ் ஸ்ப்ரேயரில் 310 ஃபைன் ஃபினிஷ் முனை போதும், அதற்கு மேல் பெரிய முனை போனால் லூவர் இடுக்கில் வழியும். முதலில் ஷட்டரைத் தலைகீழாக நிறுத்தி லூவரின் அடிப்பக்கம், பிறகு நேராக்கி மேல்பக்கம், கடைசியாக நெட்டுக்குத்தாக ஒரே ஓட்டம். நேராகவே நிறுத்தி அடித்தால் அடிப்பக்கம் விட்டுப்போகும். கீழ் மாடியில் அது தெரியாது, மேல் மாடி ஷட்டரை வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அப்புறம். அக்ரிலிக் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணியில் வந்தாலும் முழுக்க இறுக ஒரு மாதம் ஆகும். மறுநாள் வேனில் முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது பெயின்ட் கூடவே வரும். இடையில் ஃபோம் துண்டு வைத்து, நிமிர்த்தி நிறுத்திக் கொண்டுபோங்கள். ஆணியைக் கடைசி அரை அங்குலம் ரப்பர் சுத்தியால் தட்டுங்கள்.

வாரம் கழித்து ஒரு ஷட்டரின் ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக வந்தால் அடுத்த வீட்டை ஒத்துக்கொள்வதற்கு முன் காரணம் தேட வேண்டும்.

மிடில்செக்ஸ்_வாஷ்

எல்லாருக்கும் நன்றி. டம்ளர் சோதனை ரொம்ப உபயோகம். அப்ப கிளியர்கோட், பெயின்ட் ரெண்டையுமே மெனுவுல போட்டு, பெயின்ட்டுக்கு ரெட்டிப்பு விலை சொன்னா சரியா இருக்குமா? இன்னொண்ணு, பாயில்ட் லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) மினரல் ஸ்பிரிட்டும் (பெயின்ட் கரைப்பான்) பாதிப் பாதி கலந்து தேய்ச்சா போதும், பத்து டாலர்ல முடிஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றார். அது எப்படி?

கலவைக்கணக்கு

லின்சீட் தேய்ச்ச அன்னிக்கு அருமையா இருக்கும். காசு வாங்கிட்டு வந்துடலாம். ஆனா அது தூசியைப் பிடிக்கும், பூஞ்சைக்குத் தீனி ஆகும், அடுத்த வருஷம் நீங்களே எஸ்.எச். அடிக்கறப்ப திட்டுத் திட்டா போகும். அதுக்கு மேல பெரிய ஆபத்து, துடைச்ச துணி. லின்சீட் ஊறின துணியைச் சுருட்டி வேன்ல போட்டா தானா சூடேறித் தீப்பிடிக்கும். பெனட்ரால் மாதிரி பெயின்ட்ல கலக்கிற எண்ணெய் வகை ஊறின துணிக்கும் அதே எச்சரிக்கைதான். தண்ணி ஊத்தின மூடி போட்ட தகர டப்பா, இல்ல வெளியில விரிச்சுக் காயப் போடணும்.

டயருக்கும் டாஷ்போர்டுக்கும் தேய்க்கிற சிலிக்கோன் பாலிஷ் அதைவிடக் கெடுதல். ரெண்டு மூணு மழையில போயிடும், ஆனா மிச்சம் நிக்கிற சிலிக்கோன் மேல பின்னாடி எந்த கோட் போட்டாலும் மீன்கண் மாதிரி குழி குழியா விலகும். வேலை எடுக்கறப்ப "இதுக்கு முன்னாடி ஏதாவது தேய்ச்சிருக்கீங்களா"ன்னு கேட்டு வெச்சுக்குங்க.

விலைக்கு வர்றேன். ரெட்டிப்பு, மும்மடங்குன்னு யோசிக்காம, புது ஷட்டர் என்ன விலைங்கிறதுல இருந்து ஆரம்பிங்க. அதுதான் கூரை. 8 ஜோடி, அதாவது 16 ஷட்டர் இருக்கிற வீடு, ஆள் கூலி மணிக்கு 75 டாலர்னு வெச்சு:

புதுசு மாட்டறது: ஜோடி 90னு எடுத்தா 720. ஆணி 96 எண்ணம், அது ஒரு 50 டாலர். கழட்டிப் பூட்ட 3 மணி நேரம், 225. மொத்தம் 1,000 டாலருக்குக் கிட்ட.

கிளியர்கோட்: தேய்ச்சுக் கழுவ ஷட்டருக்கு 10 நிமிஷம், ரெண்டு கோட்டுக்கு 12 நிமிஷம். 16க்கும் சேர்த்து 6 மணி நேரம், 450. கிளியர்கோட் மருந்து 50. மொத்தம் 500, ஷட்டருக்கு 31. இதுல லாபம் வெச்சு 40 சொன்னாலும் 640, புதுசைவிட நல்லாவே கம்மி. விக்கும்.

பெயின்ட்: கழட்ட ஒன்றரை மணி, கழுவ ரெண்டரை, அடிக்க 3, திரும்பப் பூட்ட 2, ரெண்டாவது தடவை போய் வர ஒன்றரை. பத்தரை மணி நேரம், 790. பெயின்ட் 80, ஆணி 50. மொத்தம் 920. இதுல இன்னும் லாபமே வெக்கலை.

கணக்கு உங்க முன்னாடி இருக்கு. கடையில கிடைக்கிற சாதா சைஸ், சாதா நிறம்னா பெயின்ட் அடிச்சுக் குடுக்கிறது அவங்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். புதுசு மாட்டுங்க, அந்த 225ல உங்க லாபத்தை வையுங்க. வளைவு ஜன்னல், கிடைக்காத நீளம், இப்ப வராத நிறம், ஹெச்.ஓ.ஏ. (வீட்டுக்காரங்க சங்கம்) குறிப்பிட்ட நிறத்தைத்தான் கேக்குதுன்னா மட்டும் பெயின்ட். அதுவும் துரை மாதிரி ஆளுக்கு சப் கான்ட்ராக்ட் கொடுத்துடலாம்.

தூரிகைத்துரை

கணக்கில் தப்பில்லை. ஒரே ஒரு மறுப்பு. 30, 40 ஷட்டர் இருக்கும் டவுன்ஹவுஸ் வரிசை என்றால், ஒரே நிறம், ஒரே அமைப்பு, போக்குவரத்து நேரம் பங்கு போட்டுக் குறையும். அங்கே பெயின்ட் புதுசோடு போட்டி போடும். தனி வீட்டுக்கு நீங்கள் சொன்னதுதான்.

பாலிசி_அக்கா

இன்சூரன்ஸ் பக்கத்தை யாரும் தொடலையே. நியூ ஜெர்சின்னா மூணு விஷயம் பாருங்க தம்பி.

உங்க லயபிலிட்டி பாலிசி (அடுத்தவங்களுக்கு ஆகிற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) பிரஷர் வாஷிங் வகையில எழுதினதா இருக்கும். பெயின்ட், கோட்டிங் அதுல சேருமான்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல வாங்குங்க. காத்துல பறந்த ஸ்ப்ரே பக்கத்து வீட்டுக் கார் மேல படிஞ்சா, "இந்த வேலை பாலிசியில இல்லை"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க.

ஷட்டரைக் கழட்டி உங்க ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னா அது உங்க பொறுப்புல இருக்கிற அடுத்தவங்க பொருள். சாதா லயபிலிட்டியில அதுக்கு விலக்கு இருக்கும். அங்க திருடு போனா, தீப்பிடிச்சா உங்க கைக்காசு. அதுக்குத் தனியா பெய்லீ கவரேஜ் கேக்கணும்.

மூணாவது, மாநிலச் சட்டப்படி பெயின்ட் அடிக்கிறது வீட்டு மேம்பாட்டு வேலை. ஹோம் இம்ப்ரூவ்மென்ட் கான்ட்ராக்டர் பதிவோ லைசன்ஸோ, இப்ப எது நடப்புன்னு பாத்து எடுக்கணும், 500 டாலருக்கு மேல போனா ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். 16 ஷட்டர் வேலை அந்த வரம்பைத் தாண்டுது. வாய்ச்சொல்லா ஒத்துக்கிட்டு செஞ்சா காசு வரலைன்னு கேக்கவும் முடியாது.

ஒப்பந்தத்துல அந்த ஈரச் சோதனை ஃபோட்டோவையும் சேருங்க. காய்ஞ்சது ஒண்ணு, ஈரமா ஒண்ணு. "இந்த நிறம் வரைக்கும்தான் வரும்"னு கீழ எழுதிக் கையெழுத்து. 1978க்கு முன்னாடி கட்டின வீடுன்னா ஷட்டருக்குப் பின்னாடி பழைய மரச்சுவர் பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதைச் சுரண்டறதுக்கு முன்னாடி ஈ.பி.ஏ.வோட (அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு) ஆர்.ஆர்.பி. விதியை, அதாவது ஈயப் பெயின்ட்டைக் கிளறுற வேலைக்கான விதியைப் படிச்சுடுங்க.

மிடில்செக்ஸ்_வாஷ்

சரி. அப்ப மெனுவுல ரெண்டுதான்: சோதனையில தேறினா கிளியர்கோட் ஷட்டருக்கு 40, தேறலைன்னா புதுசு மாட்டித் தர்றது. பெயின்ட் கேட்டா சப். புதுசு மாட்டறப்ப பழைய ஓட்டையே போதுமா?

ஸ்காபரோ_ஏணி

அளவு ஒண்டாய் இருந்தால் போதும். பழைய ஷட்டரைப் புதுசுக்கு மேலை வைச்சு அடையாளம் பண்ணி, புதுசிலை கால் அங்குல ட்ரில் பிற்றாலை துளையுங்கோ. சுவரிலை பழைய ஓட்டை தளர்ந்து கிடந்தால் ஆணி பிடிக்காது, அரை அங்குலம் மேலையோ கீழையோ தள்ளிப் போடுங்கோ, ஷட்டர் மறைச்சுப்போடும்.

லூவரின்ரை சரிவு கீழை பாத்து இருக்க வேணும். தலைகீழாய்ப் பூட்டினால் மழைத்தண்ணி ஒவ்வொரு மடிப்பிலையும் தேங்கி, அடுத்த கோடைக்குள்ளை திரும்பப் பாசி. ஆணியையும் இறுக்கி அடிக்காதேங்கோ, வினைல் வெயிலுக்கு நீளும், ஒரு மயிரளவு ஆட்டம் விட்டால்தான் நெளியாது.